பெங்களூரில் இரண்டு நாள் சாப்பாடு

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. இங்கே மாமரங்கள் பூவெடுத்து நிற்கின்றன, பனிதான் இன்னும் விட்டபாடில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் பெங்களூரில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறாய். அங்கே போய் நம்மூர் ருசியைத் தேடாதே. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பண்டம்தான் பேர். அதை மட்டும் வாங்கி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடு.

தருமபுரியில் ஏறும்போதே பொம்மசந்திராவில் இறங்குவதாகக் கண்டக்டரிடம் சொல்லி வை. விட்டால் வண்டி மேம்பாலம் ஏறிவிடும், அப்புறம் சில்க் போர்டு போய்த்தான் இறங்க வேண்டும். பொம்மசந்திராவிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறு. நான் சொல்லும் கடைகள் எல்லாம் அந்தப் பச்சைத் தடத்தை ஒட்டியே இருக்கின்றன.

வெள்ளி காலை லால்பாக் நிறுத்தத்தில் இறங்கி எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்) போ. 1924-இல் தொடங்கிய கடை. ரவா இட்லி சொல்லு. போர்க்காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கேதான் பிறந்தது என்பார்கள். ரவையும் தயிரும் சேர்ந்த இட்லி, கூடவே சின்னக் கிண்ணத்தில் நெய்யும், குருமா மாதிரியான உருளைக்கிழங்கு சாகுவும் வரும். நெய்யை இட்லி தலையில் உடனே ஊற்று. ஆறினால் ரவை இறுகிப்போய்த் தொண்டையில் நிற்கும். (திங்களன்று விடுமுறை, உனக்குக் கவலையில்லை.)

மதியம் ஜெயநகரில் இறங்கி ஆட்டோ பிடித்து சிவாஜி மிலிட்டரி ஹோட்டல் (அசைவக் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). 12.30-க்குள் போய்விடு, தாமதித்தால் நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். காய்ந்த இலைத் தொன்னையில் வரும் மட்டன் பிரியாணி. சீரகச் சம்பா அரிசி, புதினா கொத்தமல்லி பச்சை. ஆம்பூர் சிவப்பை எதிர்பார்க்காதே. அந்த ஊர் மிலிட்டரி ஹோட்டல்களில் முத்தே கிடைத்தால் விடாதே, நம்ம ராகிக் களிதான். நாம் நொய் சேர்த்துக் கிளறுகிறோம், அவர்கள் வெறும் மாவில் கிளறுவதால் உருண்டை வழவழவென்று மின்னும். கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்கு.

சனி காலைக்கு காந்தி பஜார் வித்யார்த்தி பவன், 1943-இலிருந்து இருக்கிறது. நேஷனல் காலேஜ் நிறுத்தம். வெள்ளி விடுமுறை என்பதால்தான் சனிக்கு வைத்தேன். மசால் தோசை ஆளுக்கு ஒன்று. பரிமாறுகிறவர் கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். தோசை கனமாக, வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். சாம்பார் கேட்காதே, தோசைக்கு அங்கே சட்னி மட்டும்தான். சாம்பாரில் ஊறினால் அந்த மொறுமொறுப்பு போய்விடும் என்பது என் எண்ணம். பார்சல் வேண்டவே வேண்டாம். பொட்டலத்துக்குள் ஆவி அடைபட்டு கால் மணி நேரத்தில் துவண்டுவிடும்.

வயிற்றில் இடமிருந்தால் பக்கத்து சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார். நின்றுகொண்டே சாப்பிடும் கடை. இட்லி, வடை, காராபாத் (ரவை உப்புமா), கேசரிபாத் (ரவா கேசரி), காபி, டீ, அவ்வளவுதான். இங்கேயும் சாம்பார் கிடையாது. சட்னி கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வடையை முழுக்க முக்காதே, பாதி முக்கு. ஊரில் எங்கே போனாலும் 'பை டூ காபி' என்றால் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். நாள் முழுக்கத் தின்கிறவனுக்கு அந்த அளவு போதும்.

சாயங்காலம் வி.வி. புரம் திண்டி பீதி, அதாவது தின்பண்டத் தெரு. இது அவரைக்காய் காலம், ஆகவே அவரைப்பருப்பு போட்ட அக்கி ரொட்டி கேள். அரிசி மாவு ரொட்டி, கல்லில் இருந்து எடுத்தவுடன் சாப்பிட வேண்டும். அந்த அவரைப்பருப்பு நம் வீட்டுப் பிதுக்கம்பருப்பு தான். அங்கே காயை மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். தோலில் பிசுபிசுப்பும் கையில் ஒட்டும் மணமும் இருந்தால்தான் பருப்பு ருசிக்கும். அப்படிக் காய் கண்ணில் பட்டால் எனக்கும் ஒரு கிலோ.

அன்புடன்,
உன் மாப்ளே