புடவை மூட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஹட்டனில் மூன்று நாளாக விடாத மழை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய் நனைந்து வந்து இருமிக்கொண்டிருக்கிறாள்.

உன் ஃபேக்டரியில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள், சேரட்டுமா என்று கேட்டிருந்தாய். சந்தாவைப் பிடித்துக்கொண்டு எலெக்ஷனுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்களைப் பார்த்து உனக்குச் சங்கம் என்றாலே கசப்பு என்று தெரியும். ஆனால் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் வேறு மாதிரி ஆள்.

தஞ்சாவூர்க்காரர், படித்தவர். அந்தக் காலத்தில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைக் கேட்காமல் வெளியாள் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. புடவை வியாபாரியை மட்டும் விடுவார்கள். அய்யர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடவைக்காரராகவே உள்ளே போய்விட்டார். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்தால் பெண்கள் கூடாமல் இருப்பார்களா? விலை பேசுகிற சாக்கிலேயே ஆள் பிடித்து வேலை வாங்குகிற கங்காணியிடம் எவ்வளவு கடன், கைக்கு எவ்வளவு வருகிறது என்று எல்லாம் வெளியே வந்திருக்கும். தலைவராக வருவதற்கு முன்னால் காது கொடுக்க வந்தார் பார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் பத்திரிகை நடத்தினார், 1925-ல் சட்டம் இயற்றுகிற சட்டநிரூபண சபைக்குப் போனார். கொழும்பில் தொழிற்சங்கத் தலைவர் குணசிங்கவோடு சேர்ந்து வேலை செய்து, ஒத்துவராமல் பிரிந்தார். 1931-ல் தோட்ட ஆட்களுக்கென்றே சம்மேளனம் தொடங்கினார். 1936-ல் நம் ஹட்டன் தொகுதியில் ஜெயித்து, பழைய சபைக்குப் பதிலாக வந்த அரசாங்க சபைக்கும் போனார்.

அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். சின்ன வயதில் கேட்டதாக அப்பாயி சொல்லும். பேச்சு மறந்துவிடும், பாட்டு மறக்காது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே முணுமுணுக்கலாம், துரைக்கு விளங்கவா போகிறது!

1939-ல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் என்ற அமைப்பு வந்து, அதுவும் தோட்டங்களில் சங்கம் கட்டிய பிறகு அவருடைய சங்கம் தேய்ந்துவிட்டது. 1947-ல் இறந்தார். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, நம் ஆட்களில் பெரும்பாலோர் நாடில்லாதவர்களானார்கள். நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, உன் விஷயம். சங்க ஃபாரத்தோடு வருகிறவர்கள் உங்கள் போர்டிங் விடுதியில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் சேர். ஓவர்டைம் காசு குறைந்ததையும் மறக்காமல் சொல்லு.

தேயிலை ஒரு கிலோ பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கும் கொடு.

அப்பா