இதயத் துடிப்பை எண்ணுங்கள். அந்த எண்ணை நோயாக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தைப் பிடிக்கத் தடுமாறும், சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், சமதரையிலேயே அடிக்கடி இடறி விழும் குழந்தைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் இப்போது ஓரளவு எழுதுகிறார்கள். எழுதுவதெல்லாம் கை, கால், கையெழுத்து என்ற அளவில் நின்றுவிடுகிறது. அதே குழந்தைக்கு உள்ளங்கை ஏன் நனைகிறது, பத்து வரி எழுதியதும் ஏன் முகம் வெளுத்துச் சோர்கிறது, விளையாட்டு மைதானத்தில் நெஞ்சு படபடக்கிறது என்று ஏன் ஒதுங்குகிறது என்ற கேள்விகள், நம் விருப்பத்தைக் கேளாமலே துடிப்பு, வியர்வை, ரத்த அழுத்தம் ஆகியவற்றை நடத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. அதைப் பேச வருபவர்களில் சிலரோ கைக்கடிகாரம் காட்டும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ‘நரம்புச் சமநிலை கெட்டிருக்கிறது’ என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு, பேச்சுவழக்கில் டிஸ்ப்ராக்சியா, 5 முதல் 11 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 5, 6 பேரிடம் காணப்படுகிறது. பார்வைக் குறை, அறிவுத்திறன் குறை, மூளை முடக்குவாதம், தசைநோய் ஆகியவற்றால் விளக்க முடியாத தடுமாற்றம், அதுவும் அன்றாட வேலைகளையும் படிப்பையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால்தான் இந்தப் பெயர். 5 வயதுக்கு முன் பொதுவாக இதை உறுதிசெய்வதில்லை. இயக்கத் திறனை அளக்க எம்.ஏ.பி.சி.-2 போன்ற சோதனைகள் இருக்கின்றன. கைத்திறன், குறிபார்த்து எறிதல்-பிடித்தல், சமநிலை என்று 3 பிரிவுகளில் 8 செயல்கள். ஒரே வயதுள்ள 100 பேரை வரிசைப்படுத்தினால் கடைசி 5 இடங்களுக்குள் வரும் குழந்தைக்குத் தெளிவான சிக்கல் என்று கொள்வார்கள். இந்த நோயறிதலில் இதயத் துடிப்புக்கு எந்த இடமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இதயம் எங்கிருந்து வருகிறது? படுத்திருந்தவர் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. பெரியவர்களுக்கு இது அரை லிட்டருக்கும் மேல். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இதைக் கண்டுகொள்கின்றன. உடனே, துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு தன் பிடியைத் தளர்த்துகிறது, உடலை முடுக்கும் பரிவு நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன, துடிப்பு ஏறுகிறது. உள்காதின் சமநிலை உறுப்பும் இதில் பங்கெடுக்கிறது. தலை சாய்ந்த கோணத்தை மூளைத்தண்டுக்குச் சொல்லி, ரத்த அழுத்தம் சரிவதற்கு முன்பே பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. சிறுமூளையும் அப்படித்தான். அசைவின் நேரத்தையும் அளவையும் திருத்தும் அதே உறுப்பின் ஒரு பகுதி ரத்த அழுத்த ஒழுங்கிலும் தலையிடுகிறது. இயக்கத் தடுமாற்றத்தில் சிறுமூளையின் பங்கு குறித்து ஆய்வாளர்கள் நெடுநாளாக ஐயப்பட்டுவருகிறார்கள். ஆகவே, அசைவும் துடிப்பும் சேர்ந்தே பிசகக்கூடும் என்ற எண்ணம் ஆதாரமற்ற கற்பனையாகாது.

கனடாவில் இக்குறைபாடு இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட வளரிளம் பருவத்தினரை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், மேற்சொன்ன அழுத்த உணர்வு அனிச்சையின் கூர்மை அவர்களிடம் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும் ‘நரம்புக் கோளாறு உறுதி’ என்று தாவிவிடக் கூடாது. தடுமாறும் குழந்தை விளையாட்டிலிருந்து விலகுகிறது. விலகுவதால் உடல்தகுதி குறைகிறது, உடற்கொழுப்பு கூடுகிறது. இந்த இரண்டுமே தம்மளவில் வேகஸ் நரம்பின் செயலைக் குறைத்துக் காட்டக்கூடியவை. எது முன்னால் வந்தது என்று ஒரே ஒருமுறை எடுத்த அளவீடு சொல்லாது. எங்கள் கணிப்பில், பள்ளி வயதுக் குழந்தைகளிடம் காணப்படும் வேறுபாட்டில் பெரும்பங்கு உடல்தகுதியாலும் பயத்தாலும் வருவது. இரண்டும் மாற்றக்கூடியவை என்பதால் இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதே இதயத் துடிப்பு மாறுபாடு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு விரைவதும் விடும்போது தணிவதும் குழந்தைகளிடம் பெரியவர்களைவிடத் தெளிவாகத் தெரியும். நாடி பிடித்துப் பார்த்து ‘சீராக இல்லையே’ என்று கலங்கும் பெற்றோர் பலர். மூச்சோடு ஏறி இறங்குகிறது என்றால் அது ஆரோக்கியத்தின் அடையாளம்.

இதை அளக்கும் முறைக்கு ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து 1996-ல் வழிகாட்டி வெளியிட்டன. குறுகிய பதிவு என்றால் 5 நிமிடம், அதுவும் ஈ.சி.ஜி.யில். அதில் மூச்சோடு ஏறி இறங்கி, வேகஸ் நரம்பின் செயலைக் காட்டும் ‘உயர் அலைவெண்’ எனப்படும் பகுதி 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை. அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு. இது பெரியவர்களுக்குப் பொருந்தும் வரம்பு. 6, 7 வயதுக் குழந்தை பதற்றத்தில் நிமிடத்துக்கு 26 முறை மூச்சு விட்டால் அதன் வேகஸ் அலை இந்த வரம்புக்கு வெளியே போய்விடும். கருவி அதைக் கணக்கில் எடுக்காமல் ‘வேகஸ் பலவீனம்’ என்று அச்சடித்துத் தரும். மூச்சு வேகத்தைக் கூடவே எண்ணாத அறிக்கையைக் குழந்தைகள் விஷயத்தில் ஒதுக்கிவைப்பதே நல்லது.

இன்னொரு பிழை அசைவு. கைக்கடிகாரம் மின்துடிப்பை அளப்பதில்லை. தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதை ஒளியால் பார்க்கிறது. நம் குழந்தைகளோ அசையாமல் உட்காரத் திணறுபவர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 துடிப்பு என்றால் இடைவெளி 750 மில்லிவினாடி. 5 நிமிடத்தில் 400 துடிப்பு. அடுத்தடுத்த இடைவெளிகளின் வேறுபாட்டை வைத்துக் கணக்கிடும் அளவு உண்மையில் 40 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். கருவி ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் ஒரு இடைவெளி 1,500 ஆகப் பதிவாகும். விடை 66-க்குத் தாவிவிடும். 400-ல் ஒன்றுக்கே இந்தக் கதி. பதிவைக் கண்ணால் பார்த்துத் தவறான துடிப்புகளை நீக்காமல் தரப்படும் எண் எந்தப் பக்கமும் சாயலாம்.

அறிக்கையில் தாழ் அலைவெண்ணை (மூச்சைவிட மெதுவான ஏற்ற இறக்கம்) உயர் அலைவெண்ணால் வகுத்து ‘பரிவு-எதிர்ப்பரிவுச் சமநிலை’ (எதிர்ப்பரிவு என்பது வேகஸ் பக்கம்) என்று ஒரு விகிதம் போட்டிருந்தால் அதை நம்பி எதையும் தொடங்க வேண்டாம். தாழ் அலைவெண் பகுதி பரிவு நரம்பின் அளவுகோல் ஆகாது என்ற கண்டனம் துறைக்குள்ளேயே வலுவாக இருக்கிறது. பரிவு நரம்பைப் பார்க்க விரல் நுனிகளில் தோலின் மின்கடத்தலை அளப்பது இதைவிட நேரான வழி. உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைப் பரிவு நரம்புகள் மட்டுமே இயக்குகின்றன. ஒலியோ கேள்வியோ வந்த 1 முதல் 3 வினாடிக்குள் அளவு ஏறும். குளிர்ந்த அறையில் அதுவும் ஏமாற்றும்.

மருந்தையும் மறக்கக் கூடாது. இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கவனக்குறைவு-மிகைச் செயல்பாட்டுச் சிக்கலும் சேர்ந்திருக்கும். அதற்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று உயர்த்தும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலும் துடிப்பை விரைவாக்கும். அளவெடுத்த நாளில் எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைக்காத ஒப்பீடு வீண். மருத்துவரைக் கேட்காமல் சோதனைக்காக மருந்தை நிறுத்துவது அதைவிடத் தவறு.

வீட்டில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடிகாரமும் இரண்டு விரலும் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். குழந்தையைப் பேச்சில்லாமல் 5 நிமிடம் படுக்கவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். உங்கள் கட்டைவிரலால் தொட்டால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். பிறகு கட்டிலுக்கு அருகிலேயே, எதிலும் சாயாமல் நிற்கச் சொல்லி 1, 3, 5, 10-வது நிமிடங்களில் எண்ணுங்கள். தலைசுற்றல், கண் இருட்டல் என்றால் உடனே படுக்கவைத்துவிட வேண்டும். படுத்திருந்தபோது இருந்ததைவிடத் துடிப்பு 10 நிமிடத்துக்குள் 40 அல்லது அதற்கு மேல் ஏறி, ரத்த அழுத்தம் விழாமலும், நிற்கும்போதெல்லாம் வரும் தொல்லை மாதக்கணக்கில் நீடித்தும் இருந்தால் நிற்கும்போது துடிப்பு மிகும் நோய்க்குறி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அந்த 40 என்ற எல்லை 12 முதல் 19 வயதுக்கானது. அதை 7 வயதுக் குழந்தைக்கு ஒட்டவைக்கக் கூடாது. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் குழந்தைகளிடம் தடுமாற்றமும் இந்தத் தலைசுற்றலும் சேர்ந்து வருவதுண்டு. மூட்டுகளின் வளைவை மதிப்பிடும் பெய்ட்டன் அளவையில் 9-க்கு 6 அல்லது மேல் என்றால் அந்தக் கோணத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பறையில் இந்த அறிவு எதற்குப் பயன்படும் என்பதே எங்களுக்கு முக்கியம். தடுமாறும் குழந்தை எழுதும்போது எதிரெதிர்த் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்குகிறது. தோள் மேலேறும், மூச்சு அடங்கும், வேலைக்குத் தேவையானதைவிட அதிக ஆற்றல் செலவாகும். கூடவே ‘மற்றவர்கள் முடித்துவிட்டார்கள்’ என்ற பதற்றம். பரிவு நரம்பு முடுக்கப்பட்டு உள்ளங்கை வியர்க்கிறது, பென்சில் வழுக்குகிறது, வழுக்குவதால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, விரல் வலிக்கிறது. ‘சோம்பேறி’ என்ற சொல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து விழுகிறது. 5 முதல் 7 நிமிடம் எழுத்து, ஓரிரு நிமிடம் கையைத் துடைத்துத் தோளைத் தளர்த்த இடைவெளி என்று பிரித்தால் இந்தச் சுழல் ஓரளவு அறுபடும். பலகையைப் பார்த்து எழுதுவதையும் சொந்தமாக யோசித்து எழுதுவதையும் ஒரே பாடவேளையில் ஒன்றாகக் கேட்க வேண்டாம். பந்து பிடிப்பதை வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்கும்படி சோதிப்பது திறனைவிடப் பயத்தையே அளக்கும்.

மூச்சுப் பயிற்சி உதவுமா? தேர்வுக்கு முன்னாலோ புதிய செயலுக்கு முன்னாலோ, 3 எண்ணும் வரை இழுத்து 5 எண்ணும் வரை விடுவதை ஓரிரு நிமிடம் செய்தால் படபடப்பு தணியும். அந்த நேரத்துக்கு மட்டும். பெரியவர்களுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற வேகம் சிறுபிள்ளைக்குத் திணறலாகும். ‘நன்றாக ஆழமாக இழு’ என்று விரட்டினால் வேகவேகமாக இழுத்து, கரியமிலவாயு குறைந்து, விரல் நுனி மரத்துத் தலை சுற்றும். மேலும், மூச்சு பந்தைப் பிடிக்கக் கற்றுத்தராது. அதற்கு வேண்டிய செயலையே துண்டுதுண்டாகப் பழக வேண்டும். இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நான்கு படிகளைக் குழந்தையே தன் வாயால் சொல்லிச் செய்யும் முறை 10 முதல் 12 அமர்வுகளில் பெரும்பாலும் பலன் காட்டுகிறது. வேகஸ் நரம்பைத் தூண்டுவதாகச் சொல்லிக் காதில் மாட்டும் கருவிகள் இக்குறைபாட்டைச் சரிசெய்யும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. வாங்க வேண்டாம்.

உடல்தகுதிக்கு 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிட மிதமான அல்லது கடுமையான உடலியக்கம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இவர்களுக்கும் பொருந்தும். 10, 10 நிமிடமாகத் தொடங்கி ஏற்றலாம். பந்தும் அணியும் வேண்டாத நீச்சல், மலையேற்றம், நிலைமிதிவண்டி போன்றவை தொடக்கத்துக்கு நல்லவை. முன்னேற்றத்தைப் பார்க்க, ஒரே உயரப் படியில் 3 நிமிடம் ஏறி இறங்கிய உடனே 15 வினாடி, உட்கார்ந்து 1 நிமிடம் கழித்து மறுபடி 15 வினாடி நாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். துடிப்பு வேகமாக இறங்கும் என்பதால்தான் இங்கே 15 வினாடி. எண்ணிக்கையில் ஒன்று பிசகினால் விடையில் 4 பிசகும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே குழந்தையின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையோடு அல்ல.

இவ்வளவையும் தள்ளிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டிய நிலைகள் உண்டு. ஓடும்போதோ திடீர் சத்தத்திலோ மயங்கி விழுவது, குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாத திடீர் மரணம் இருப்பது ஆகியவற்றுக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். கற்ற திறனை இழந்துகொண்டே வருவது, ஒரு பக்கம் மட்டும் பலவீனம், தரையிலிருந்து எழத் தன் தொடைகளையே பிடித்து ஏறுவது, கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருப்பது என்றால் இது ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று எண்ணிக் காத்திருக்கவே கூடாது. தசை, நரம்பு நோய்களைப் பார்க்கும் மருத்துவரிடம் அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தைகள் இயன்முறை மருத்துவத்தில் பணியாற்றுவோர் சிலர்