மழுங்கிய முனைக்காகக் கோலை மாற்றாதே

அன்புள்ள பாலு,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. முழங்கால் தேறி மறுபடி மலைப்பாதையில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ட்ரெக்கிங் ஸ்டிக் முனை மழுங்கிவிட்டது, புது ஜோடியே வாங்கிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. செருப்பு வார் அறுந்தால் காலையா மாற்றுவார்கள்? முனை தேய்வதற்கென்றே இருக்கிற பாகம்.

உன்னுடையது எஃகா, டங்ஸ்டன் கார்பைடா என்று முதலில் பார். சாதாரண அரத்தை வைத்து லேசாக இழு. அரம் பிடித்துத் தூள் விழுந்தால் எஃகு. பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் கார்பைடு. கிரானைட் பாறையில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் மணிகள் நிறைய உண்டு. எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரண எஃகு அதற்குக் கீழே, கார்பைடு 9-ஐ ஒட்டி. நீ ஊன்றும்போதெல்லாம் கல்தான் எஃகை அராவுகிறது. கார்பைடிடம் அதன் பாச்சா அவ்வளவு சீக்கிரம் பலிக்காது.

அதற்காகக் கார்பைடு தேயவே தேயாது என்று நினைக்காதே. பொடிப்பொடியான கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் உலோகம்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஜெர்மனியில் 1923-ல் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சரக்கு அது. சுவரில் ஓட்டை போடும் டிரில் பிட்டின் நுனியிலும் இதே வகைதான். மணலில் உரச உரச, மென்மையான கோபால்ட் முதலில் அரிபடும். பிடி தளர்ந்த துகள் உதிரும். புது முனையை லென்ஸ் வைத்துப் பார். பல முனைகளில் நடுப்பகுதி குழிந்து, சுற்று விளிம்பு மட்டும் கூராக இருக்கும். ஈரப் பாறையைக் கவ்வுவது அந்த விளிம்புதான். குழி மறைந்து மொட்டையாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்னொன்று, கார்பைடு கடினமே தவிர வளைந்து கொடுக்காது. பாறை இடுக்கில் மாட்டினால் நெம்பாதே, போன வழியிலேயே நேராக உருவு.

முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் உறையை 'மட்ட ரகம்' என்று திட்டியிருந்தாயே, அங்கேதான் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் அது வளைய வேண்டும். மிஞ்சினால் அதுவே உடைய வேண்டும். அது தாங்கிக்கொண்டால் அடி தண்டில் விழும். அலுமினியம் என்றால் கோணிக்கொள்ளும், கார்பன் இழைத் தண்டு என்றால் பட்டென்று முறியும். ஒரு விதத்தில் பலியாடு வேலைதான் அது பார்க்கிறது.

மாற்றுவதும் சுலபம். பெரும்பாலான கோல்களில் முனையோடு சேர்ந்த உறை பசையில்லாமல் இறுக்கத்திலேயே நிற்கிறது. நுனியைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்து, பிளையரால் திருகி இழுத்தால் கழன்றுவிடும். தீயில் காட்டாதே, கார்பன் தண்டின் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரெசின் கெட்டுவிடும். புதியதைச் சொருகி, ஒரு மரக்கட்டைமேல் நாலு குத்துக் குத்தினால் உட்கார்ந்துவிடும். பசை போட்டால் அடுத்த முறை நீயே அவதிப்படுவாய். தண்டின் நுனி அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் குத்துமதிப்பாக வாங்காதே.

தார்ச்சாலை, சிமென்ட் தரையில் ரப்பர் மூடி போட்டுக்கொள். சத்தமும் அதிர்வும் குறையும். ஆனால் அது சீக்கிரம் தேய்ந்து, கார்பைடு அடியில் பொத்துக்கொண்டு வரும். உள்ளே ஒரு சின்ன இரும்பு வாஷர் வைத்த மூடி கிடைத்தால் அதை வாங்கு. சேறு, பனிக்கட்டி என்றால் கழற்றிப் பையில் போடு.

பழைய உறையைக் கழற்றியதும் தண்டின் நுனியை அளந்து எழுது. எனக்கு வாங்கும்போது உனக்கும் சேர்த்து வாங்கிவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி