காக்கா ஏமாளி இல்ல, மீனா

மீனா,

வருசப் பிறப்புக்கு நீ அவ்வளவு நீளமா எழுதியிருந்த, நான் ஒரு கும்பிடு படத்த மட்டும் தட்டிவிட்டுட்டு சும்மா இருந்துட்டேன். கோவமா இருப்ப, தெரியும். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாரு. பெரியவன் ஜொகூர்லயே வீடு வாங்கிட்டான். பாப்பாத்தி அக்கா மகளுக்கு ஜூலையில கல்யாணம், பத்திரிகை வரும், அந்தப் பச்சைப் புடவைய மட்டும் கட்டிக்கிட்டு வந்துடாத. ஊர்க்கதை இவ்வளவுதான். நான் எழுத வந்தது வேற.

ரெண்டு மாசமா நான் ஒரு காக்கா கூட்டப் பாத்துட்டு இருந்தேன். எங்க பிளாட்டுக்குப் பின்னால, துணி காயப்போடற பால்கனிக்கு நேர் கீழ அந்த அங்சானா மரம் இருக்குல்ல, போன தடவ பூ கொட்டி உன் காரே மஞ்சளா ஆச்சே, அதுலதான் பிப்ரவரி நடுவுல ஒரு ஜோடி கட்ட ஆரம்பிச்சுது. குச்சி, ஒயரு, பச்ச நைலான் கயிறு, எங்க வீட்டு ஹேங்கர் ரெண்டு. அந்த ஹேங்கர எடுத்த விதத்த நீ பாத்திருக்கணும்டி. அவரு சட்டைய அலகால ஒரு பக்கமா இழுத்து இழுத்து கீழ தள்ளிட்டு, அப்புறம் கொக்கிய கம்பியிலேர்ந்து தூக்கிக் கழட்டி, ரெண்டு தடவ தவறவிட்டு, மூணாவது தடவ கொண்டு போயிருச்சு. நாலாவது மாடியிலேர்ந்து எட்டிப் பாத்தா கூட்டுக்குள்ள அப்படியே தெரியும், அவரோட பைனாகுலர் வேற இருக்கா, அதுக்கப்புறம் நான் சமையக்கட்டுல நின்ன நேரத்த விட பால்கனியில நின்ன நேரம்தான் அதிகம்.

மாசக் கடைசியில காக்கா முட்ட போட்டுச்சு. மறுநாளே குயில் ஜோடி வந்துருச்சு. கறுப்பா, பளபளன்னு, கண்ணு ரத்தச் செவப்பா இருக்கறது ஆணு, அது எதிர்க் கிளையில உட்கார்ந்து கத்திக் கத்தி காக்கா ரெண்டையும் உசுப்பேத்துச்சு. ரெண்டும் வெரட்டிக்கிட்டு போன கண் மூடித் திறக்கற நேரத்துல, பழுப்பு உடம்புல வெள்ளப் புள்ளியா இருக்கற பொட்ட உள்ள எறங்கி எழுந்து போயிருச்சு. நான் சிலையா நின்னுட்டேன். எப்பவும் இப்படி ஜோடியா வராதாம், நிறைய தடவ பொட்ட தனியாத்தான் வந்து போட்டுட்டுப் போகுமாம். இதெல்லாம் யாரு சொன்னான்னு கேக்குறியா, நம்மகிட்ட படிச்ச ரெட்டச் சடைதான்! ஜன்னலோரம் கடைசி பெஞ்சு, யூ.பி.எஸ்.ஆர் ஆறாம் ஆண்டுப் பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல்ல வந்து நின்னாளே, அவளேதான். இப்ப பல்கலைக்கழகத்துல பறவ இனப்பெருக்கத்துல ஆராய்ச்சி பண்றா. அவகிட்ட முட்ட போட்டோவ அனுப்பினேன், அன்னைக்கு சாயங்காலமே எல்ஆர்டி ரயில் ஏறி செந்தூலுக்கு வந்துட்டா.

அவ சொல்லச் சொல்ல எனக்கு வாய் அடைச்சுப் போச்சு மீனா. குயில் முட்ட பன்னெண்டு பதிமூணு நாள்ல பொரிச்சுரும், காக்கா முட்டைக்குப் பதினாறு நாள் மேல ஆகும், அதனால பெரும்பாலும் குயில் குஞ்சுதான் முந்திக்கும். இது கூடப் பரவாயில்ல, ஐரோப்பாவுல இருக்கற குயில் இன்னும் பெரிய வித்த காட்டுது. மத்த குருவியெல்லாம் பெரும்பாலும் தெனம் ஒரு முட்ட போடும்ல, அது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடும், மிச்ச ஒரு நாள் அந்த முட்டைய வயித்துக்குள்ளேயே வச்சிருக்கும். தாயோட உடம்புச் சூடு 40 டிகிரி, கூட்டுச் சூட்ட விட அதிகம், அப்ப முட்டைக்குள்ள கரு வெளிய வர்றதுக்கு முன்னாடியே வளர ஆரம்பிச்சிரும். 2011ல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்து டிம் பர்க்ஹெட்டும் அவரோட ஆளுங்களும் கணக்குப் பண்ணிப் பாத்தா, இந்த ஒரு நாளுக்கு 31 மணி நேரம் அடைகாத்த அளவு ஆதாயம் கெடைக்குதாம். அப்ப அந்தத் தாயும் அடைகாக்குது, கூட்டுல உட்கார்ந்து காக்கல, வயித்துல வச்சுக் காக்குது. நாம என்ன சொல்லிக்கொடுத்தோம்? குயிலுக்கு அடைகாக்கத் தெரியாது, சோம்பேறி. போர்டுல எழுதிப் போட்டு அடிக்கோடு வேற போட்டோம்.

இன்னொன்னு, பாடறது பொட்டக் குயில்னுதான நாம பாட்டே சொல்லிக்கொடுத்தோம். பாடறது ஆணுடி. காலையில அஞ்சு மணிக்கு இந்த பிளாட்டயே எழுப்பி விடறது அந்தச் செவப்புக் கண்ணுக்காரன்தான். பொட்ட கீக் கீக் கீக்னு வேகமா கத்தும், அத நாம என்னைக்குமே குயில்னு கணக்குல சேத்ததில்ல. முப்பது வருசம் மீனா. எத்தன பிள்ளைங்க நோட்டுல அது இருக்கும்னு நெனச்சா எனக்குச் சங்கடமா இருக்கு.

காக்காவ ஏமாளின்னு சொன்னதுதான் பெரிய தப்பு. ஐரோப்பாக் குயிலோட குஞ்சு, கண்ணு கூடத் திறக்காம, முதுகுல இருக்கற குழியில மத்த முட்டைய ஏத்தி வெளிய தள்ளிரும், அம்மை ஊசி கண்டுபிடிச்ச எட்வர்ட் ஜென்னர்தான் 1788லயே அதப் பாத்து எழுதினவரு. நம்ம குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்யாது, காக்கா குஞ்சுங்களோட சேர்ந்துதான் வளரும். ஸ்பெயின்ல வடக்குப் பக்கம் காக்கா கூட்டுல முட்ட போடற வேற ஒரு குயில் ஜாதி இருக்கு, அந்தக் குஞ்சத் தொட்டா பின்பக்கத்துலேர்ந்து நாத்தம் தாங்காத ஒரு தண்ணி விடும். பூனை, பருந்து எதுவும் கிட்ட வராது. பதினாறு வருசக் கணக்க எடுத்து 2014ல போட்டாங்க, குயில் குஞ்சு இருந்த காக்கா கூடு இல்லாத கூட்ட விட அதிகம் தப்பிச்சிருக்கு. எதிரி கொறஞ்ச வருசத்துல காக்காவுக்கு நட்டம், அதிகமான வருசத்துல லாபம். நம்மூர்க் குயில் அப்படி விடுதான்னு கேட்டேன், அத இதோட போட்டுக் குழப்பாதீங்க டீச்சர்னு அதட்டிட்டா. நல்லா வளர்ந்திருக்கா.

உனக்கு ஒரு விஷயம் தெரியுமா, இந்த ஊர்க்காக்காவே இந்த ஊர் இல்லடி. 1890கள்ல கிள்ளான் பக்கத்து காப்பித் தோட்டத்துல புழு அரிச்சுத் தின்னுதுன்னு சிலோன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்து விட்டது. எங்க தாத்தா வந்து எறங்கின அதே துறைமுகம். காப்பி போயி ரப்பர் வந்துச்சு, ரப்பர் போயி செம்பனை வந்துச்சு, காக்கா மட்டும் நின்னுருச்சு. குயில் அப்பவெல்லாம் பனிக்காலத்துல வந்துட்டுப் போற விருந்தாளிதான், காக்கா பெருகினப்புறம்தான் இங்கயே தங்கிக் குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சுது. நம்ம எஸ்டேட்டுல சின்ன வயசுல குயில் சத்தம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்ல, உனக்கு இருக்கா? எனக்கு இதுலதான் ஒரு கேள்வி. அத்தன வருசம் கூட்டுல குயில் முட்டையே இல்லாம வாழ்ந்த காக்கா, மறுபடி குயில் முட்ட போட வந்தப்ப பழச மறந்திருக்குமா, இல்ல உடம்புல எங்கயாவது ஞாபகம் வச்சிருந்திருக்குமா? அவகிட்ட கேட்டேன். பதிலே சொல்லாம நோட்டு எடுத்து எழுதிக்கிட்டா, எனக்கு அது போதும்.

மார்ச் நடுவுல குயில் குஞ்சு வந்துச்சு, மூணு நாள் கழிச்சு காக்கா குஞ்சு ரெண்டு. ஒண்ணு ஒரு வாரத்துல செத்துப் போச்சு, மழையில. மிச்சம் ரெண்டும் ஒண்ணா வாயப் பொளந்துகிட்டு நிக்கும், காக்கா ரெண்டுக்கும் மாத்தி மாத்தி வைக்கும். எறா தல, சோத்துப் பருக்க, ஒரு நாள் ரொட்டி சானாய்த் துண்டு அரை முழத்துக்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு சொல்லுவோமே, நான் பாத்தவரைக்கும் அது எந்தக் குஞ்சுக்கும் கொறச்சல் வைக்கல.

இதுக்கு நடுவுல மரம் வெட்ட வந்துட்டாங்க. விடியக்காலையில தூக்கம் கெடுது, காருல எச்சம் விழுதுன்னு கீழ் வீட்டுக்காரங்க புகார் குடுத்திருக்காங்க. ரம்பச் சத்தம் கேட்டு நான் செருப்பு கூட மாட்டாம எறங்கி ஓடினேன். மேஸ்திரி ஒரு மலாய்க்காரத் தம்பி, அவன் கையப் புடிச்சு மேல கூட்டிட்டு வந்து பால்கனியிலேர்ந்து காட்டினேன். ரொம்ப நேரம் பைனாகுலர வச்சுப் பாத்தான். அப்புறம் ஓகே மாக்சிக், துவா மிங்குன்னு ரெண்டு விரலக் காட்டிட்டு, அந்த ஒரு கிளைய மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டிட்டுப் போனான். ரெண்டு வாரம் போதுமா போதாதான்னு நான் தூங்கல. போன செவ்வாக்கிழம காலையில குயில் குஞ்சு எங்க ஏர்கான் பெட்டி மேல வந்து உட்கார்ந்துச்சு. அந்தக் காக்கா பின்னாலேயே வந்து வாயில வச்சுது. இப்பவும் கூப்பிடுது, இப்பவும் குடுக்குது.

சரி. இனிமே சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்னைக்கு ரெட்டச் சடை கெளம்பறப்ப கோப்பிக் கோப்பைய கழுவி வச்சிட்டே கேட்டா, நான் ஏன் குயில எடுத்தேன் தெரியுமா டீச்சர்னு. நாலாம் ஆண்டுல ஒரு நாள் நோட்டுக் கட்ட தூக்கிட்டு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னாளாம். உள்ள அவ அம்மாவப் பத்திப் பேச்சு நடந்துச்சாம். குயிலு மாதிரி போட்டுட்டுப் பறந்துட்டா, கெழவிதான் காக்கா மாதிரி கெடந்து வளக்குதுன்னு. சத்தம் போடாம நோட்டத் தரையில வச்சிட்டுப் போயிட்டாளாம்.

யாரு சொன்னதுன்னு அவ சொல்லல. எனக்கு ஞாபகம் இருக்கு. நீ உன் நீலப் பிளாஸ்க்குலேர்ந்து டீ ஊத்திட்டே சொன்ன, நான் சிரிச்சேன். அந்தப் பொம்பள சிங்கப்பூர்ல ராத்திரி ஷிஃப்டு பாத்துட்டு இருந்தா மீனா. பள்ளிக்கூடப் பணம் ஒரு மாசம் தவறினதில்ல, ரசீது எழுதினதே நாமதான்.

அவ முகத்துல கோவம் எதுவும் இல்ல. பாடம் சொல்ற மாதிரி நிதானமா சொன்னா, பொட்டக் குயில் அப்பப்ப அந்தக் கூட்டுக்கே வந்து தன் குஞ்சுக்கு எர குடுக்கறதப் பாத்து எழுதி வச்சிருக்காங்க டீச்சர், ஆண் குடுத்ததாத்தான் எந்தக் குறிப்பும் இல்லன்னு. நான் மன்னிப்பு கேட்டேன். சரி டீச்சர்னு சொல்லிட்டு செருப்ப மாட்டினா. அந்த 'சரி'ய ஆறு வாரமா நெனச்சுக்கிட்டு இருக்கேன், உனக்கு எப்படி எழுதறதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நாள்.

ஜூன்ல அவ பினாங்குக்கு வர்றா. நீ தண்ணிமலைப் பக்கம் எடுத்து அனுப்பின எங்காங் போட்டோவ, அதான் இருவாச்சிப் பறவ, காட்டினேன், துள்ளிட்டா. பொட்ட மரப்பொந்துக்குள்ள போயி வாசல மண்ணும் எச்சமுமா பூசி அடைச்சிக்கிட்டா, ஆணுதான் அந்தக் கீறல் வழியா மாசக்கணக்குல ஊட்டணும், அதனால பொட்ட உள்ள போன தேதி தெரிஞ்சாத்தான் மிச்சக் கணக்கு வருமாம். நீ காலண்டர்ல குறிச்சு வச்சிருந்தா அனுப்பு. எங்க தங்கறதுன்னு அவ இன்னும் முடிவு பண்ணல. உன் வீட்டு மாடி ரூம் காலியாத்தான இருக்கு? நான் கேட்டுச் சொல்றத விட நீயே கூப்பிட்டா நல்லா இருக்கும். நம்பர் தனியா அனுப்பறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் எடுப்பா.

செல்வி