காளான் மிச்ச உரத்தை அப்படியே போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பீட் கலக்காத காய்கறி நாற்றுக் கலவைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு நன்றி. பீட் என்றதும் பலர் தென்னை நாரிலிருந்து வரும் கோகோபீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு, சதுப்பு நிலத்தில் பாசி பாதி மட்கிப் படிந்தது. ஒரு மீட்டர் படிய ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் ஆகும். அதைத் தோண்டி ஒரு பருவத்து நாற்றுக்குச் செலவிடுவது எனக்கும் பொறுக்கவில்லை.

ஆனால், மொட்டுக்காளான் அறுவடைக்குப் பின் மிஞ்சும் உரத்தை பீட்டுக்கு ஈடாக அப்படியே நிரப்பலாம் என்ற வரியை ஏற்க முடியாது. சென்ற ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். குழித்தட்டுகளில் அதை மட்டுமே நிரப்பி மிளகாய் விதைத்தேன். பாதி முளைக்கவில்லை. முளைத்தவற்றின் இலை ஓரம் தீய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். தட்டு ஈரமாக இருந்தும் செடி வாடியது.

காரணம் உப்பு. வைக்கோல், கோழி எச்சம், ஜிப்சம் ஆகியவற்றை மட்கவைத்துத்தான் காளானுக்குப் படுகை அமைக்கிறார்கள். காளான் எடுத்த பிறகும் அதில் பொட்டாசியமும் கால்சியமும் சல்பேட்டும் ஏராளமாகத் தங்கிவிடுகின்றன. உப்பு மிகுந்தால், பக்கத்திலேயே நீர் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. இளநாற்றுதான் முதலில் பலியாகும்.

இதற்காக அந்த உரத்தையே ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு கிலோ காளானுக்கு ஏறத்தாழ 5 கிலோ மிஞ்சுகிறது. வீணாக்கக் கூடாத பொருள். சில மாதங்கள் திறந்த வெளியில் குவித்து, மழையில் உப்பு கழுவப்பட்ட பின் பயன்படுத்தலாம். வடியும் நீர் கிணற்றையோ குளத்தையோ சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகும் கலவையில் கால் பங்குக்கு மேல் நான் சேர்ப்பதில்லை. மீதி, கழுவிய தென்னை நார்க்கழிவும் இலை மட்கும். ஒரு கைப்பிடிக் கலவையில் முள்ளங்கி விதைகளைத் தூவிப் பார்த்தால் ஒரே வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். சுண்ணாம்பு கலந்திருப்பதால் முட்டைக்கோஸுக்கு இது ஒத்துப்போகும். அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு ஆகாது.

சிப்பிக்காளான் படுகை இன்னொரு கதை. அதில் உப்பு குறைவு. ஆனால் வைக்கோல் முழுதாக மட்கியிருக்காது. தொட்டியில் போட்டால் அங்கே மட்கத் தொடங்கி, செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். கட்டுரை இரண்டையும் ஒன்றாகவே பேசியது.

இன்னொன்று. மொட்டுக்காளான் படுகையின் மேல் போடும் மூடுமண் பல இடங்களில் பீட்டும் சுண்ணாம்பும் கலந்ததே. அது மிச்ச உரத்தோடு சேர்ந்தே மூட்டைக்குள் வருகிறது. அந்த மூட்டையில் 'பீட் இல்லாதது' என்று அச்சிட்டால் அது உண்மையாகாது. மூடுமண் எதனால் ஆனது, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் எவ்வளவு என்ற இரண்டு விவரங்களையும் உற்பத்தியாளர்கள் மூட்டையின் மேலேயே தர வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காய்கறி பயிரிடும் ஒரு வாசகர்