பிறந்த ஊர் எதுவென்று கேட்டால்

பாளையங்கோட்டை,
13.7.2025

அன்புள்ள பகவதி,

நலம்தானே? சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே ஏட்டி. ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. குற்றாலத்தில் சாரல். இந்த வருஷமும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் மூட்டுவலியைக் காட்டித் தப்பிக்காதே. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

என் மகள் செல்வி உண்டாகியிருக்கிறாள். ஆவணியில் பிரசவம், டல்லாஸில். எட்டு வருஷம் கழித்து! சந்தோஷமாகச் சொல்லவேண்டிய செய்தியை நான் பயந்துகொண்டே சொல்கிறேன். மாப்பிள்ளை எச்-1பி என்ற வேலை விசா, இவள் அவர் மனைவி என்பதால் கிடைத்த எச்-4. அங்கேயே நிரந்தரமாகத் தங்க வேண்டிய கிரீன் கார்டு வரிசையில் எத்தனையோ பேருக்குப் பின்னால் நிற்கிறார்கள். இப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆகாது என்று டிரம்ப் ஜனவரி 20-ல் பதவியேற்ற அன்றே உத்தரவு போட்டார். கீழ்க் கோர்ட்டுகள் தடுத்தன. ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம், உத்தரவு சரியா தப்பா என்றே பார்க்காமல், ஒரு நீதிபதி நாடு முழுவதுக்கும் தடை போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவை 22 மாநிலங்கள். செல்வி இருக்கும் டெக்சாஸ் அதில் இல்லை. அன்று ராத்திரி செல்வி போனில் பேசவே இல்லை, அழுதாள். மூன்று நாளைக்கு முன்னால் நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஒருவர் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வழக்காகச் சேர்த்து மறுபடி தடுத்திருக்கிறார். அதுவும் நிற்குமா தெரியவில்லை.

அண்ணன் சொல்கிறான்: "யார் வந்து பெற்றாலும் குடிமகனா? நம்ம நாட்டிலேயே 1987-ல் நிறுத்திட்டாங்களே." பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்கும், தெருவில் நிற்காது என்கிறார் மாப்பிள்ளை. இரண்டும் உண்மைதான். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்த நாட்டு அரசியல் சாசனத்தில் 1868-லேயே எழுதி வைத்தது, அங்கே பிறந்து அந்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர் குடிமகன் என்று. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளை இனி யாரும் வெளியாள் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எழுதியது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வாங் கிம் ஆர்க் என்ற சீனர் சீனாவுக்குப் போய்த் திரும்பியபோது கப்பலைவிட்டு இறங்க விடவில்லை. அவர் வழக்காடி 1898-ல் ஜெயித்தார். அப்பா அம்மா யார் என்ற கேள்வியை அன்றே முடித்து வைத்தார்கள்.

கப்பல் என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் அம்மா பிறந்தாள், நானும் பிறந்தேன். 1948-ல் சிலோன் குடியுரிமைச் சட்டம், தகப்பனும் அங்கேதான் பிறந்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த கூலிக்காரனுக்கு யார் எழுதி வைத்தார்கள்? 1964-ல் நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் அந்த ஐந்தேகால் லட்சத்தில் விழுந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது எனக்குப் பத்து வயசு. அம்மா ஊரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சாகும்வரைக்கும் தேயிலைக் கொழுந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல்முதலாக என்னைச் சிலோன்காரி என்று கூப்பிட்டவள் நீதான், அந்தக் கணக்கு இன்னும் பாக்கி.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு கிடந்த ராத்திரி கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாம் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். நான் எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள். பிறந்தது இங்கே ஆஸ்பத்திரியில். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. பி.காம். முடித்து, இப்போது 25 வயசு. அப்பா அம்மா படகில் வந்தவர்கள், அவள் பிறந்தது 1987-க்குப் பிறகு. அதனால் ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. 2019-ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. பிறக்கப்போகும் என் பேரப்பிள்ளைக்காக ஒரு மாசமாகத் தூங்காமல் கிடக்கிறேன். இவள் வருஷம் முழுக்க என் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, ஒருநாளாவது கேட்டேனா? நெஞ்சு அடைத்தது பகவதி.

உன் தம்பி மதுரை ஹைகோர்ட்டில்தானே இருக்கிறான்? அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் முகாம் அட்டையையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். நாளைக்கே கொடு, பீரோவில் வைத்து மறந்துவிடாதே.

உன் அன்பு,
பேச்சி