கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துப் பிளம்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கங்களில் குழாய் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

குழாய் தடதடக்கிறது என்று உங்களைக் கூப்பிட்டால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பதில் வந்துவிடுகிறது: "லைனில் காற்று அடைத்திருக்கிறது." கொஞ்ச நேரத்தில் கட்டர் வருகிறது, டைல்ஸ் உடைகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் குளியலறைச் சுவரை வெட்டிப் பார்த்தார்கள். சத்தம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், தரைத்தொட்டியில் இருந்த மிதவை வால்வுதான் காரணம் (தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து குழாயை மூடுமே, அதுதான்). இரவில் பொதுக்குழாயில் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பும் தறுவாயில், அலையில் பந்து மேலும் கீழும் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வால்வு திறந்து மூட, அந்த அதிர்வு குழாய் வழியே வீடெங்கும் ஏறியிருக்கிறது. பந்தைக் கையால் தூக்கிப் பிடித்ததும் சத்தம் நின்றுவிட்டது. கம்பியைத் தாங்கும் ஆணி தேய்ந்து லொடலொடவென்று கிடந்தது. வால்வை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது. உடைத்த டைல்ஸுக்குத்தான் இன்னும் ஜோடி கிடைக்கவில்லை.

காற்று அடைக்காது என்று நான் சொல்லவில்லை. நம்முடையது மலை மறைப்பதால் மழை குறைந்த மழை மறைவுப் பகுதி. தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. வரும்போது முதலில் காற்று சீறும், குழாய் துப்பும், சற்று நேரத்தில் தானே அடங்கும். மேல்தொட்டி லைனில் அடங்காமல் குளுகுளுவென்று கேட்டால், டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் காற்றுப் போக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதற்குமேல் காற்றின் தலையில் பழியைப் போட வேண்டாம்.

சத்தம் எப்போது வருகிறது என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். பாதி திறந்த குழாய் மட்டும் நடுங்கி உறுமினால் உள்ளே வாஷர் தளர்ந்திருக்கும். சில ரூபாய் வேலை. ஹீட்டரைப் போட்ட பிறகு சுவருக்குள் டிக் டிக்கென்றால் வெந்நீர்க் குழாய் நீள்கிறது. மூன்று மீட்டர் சி.பி.வி.சி. குழாய் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) 35 டிகிரி சூடேறினால் ஆறேழு மில்லிமீட்டர் நீளும். நகர இடம் விடாமல் சிமெண்டில் இறுக்கிவிட்டால் அது முனகாமல் என்ன செய்யும்? மோட்டார் நின்றவுடன் அல்லது கரண்ட் போனவுடன் 'டம்' என்றால், ஏறிய தண்ணீர் திரும்பி வந்து, அதைத் தடுக்க வைத்த நான்-ரிட்டர்ன் வால்வின் கதவை அறைகிறது. அங்கே ஸ்பிரிங் வைத்த வால்வைப் போட்டால் தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிக்கொள்ளும்.

வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது வரும் ஒற்றை அடிதான் அசல் நீர் அறைச்சல் (வாட்டர் ஹேமர்). மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதித்து, ஷுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1898-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை இரும்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால் ஏறக்குறைய 12 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கூடுதலாக எழும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எழும். பத்து மீட்டர் உயரத்து டேங்க் தருவதே ஒரு பார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வேகமாக ஓட ஓட அடியும் பலக்கும். அதனால்தான் பிரஷர் பம்பு வைத்த வீடுகளில் இந்தப் புகார் அதிகம். பம்பின் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். போதாவிட்டால் மெஷினுக்குப் பக்கத்தில், இந்த அடியை உள்வாங்கிக்கொள்ளும் அதிர்வு தாங்கி ஒன்றைப் பொருத்துங்கள். முனை மூடிய ஒரு துண்டுக் குழாயை நிமிர்த்தி வைத்தாலும் உள்ளிருக்கும் காற்று அடியைத் தாங்கும். நாளடைவில் அதில் தண்ணீர் நிறைந்துவிடும் என்பதால் அவ்வப்போது லைனை வடிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லாமல் போய்விடாதீர்கள்.

புது வீடுகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்றடிக்கு ஒரு கிளாம்ப், எல்போவுக்கு (குழாய் திரும்பும் வளைவு) இருபுறமும் ஒவ்வொன்று, கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர். பூச்சுக்கு முன் இதற்கு ஆகும் செலவு அற்பம். கொத்தனார் அவசரப்படுத்துகிறார் என்று ஆணியில் கம்பி சுற்றிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். மூடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் செல்போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பின்னால் வெட்ட நேர்ந்தாலும் குருட்டாம்போக்கில் வெட்ட வேண்டியிராது.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். வாஷர் மாற்றினால் கூலி கேட்கலாம், சுவரை வெட்டினால் கேட்கலாம். அரை மணி நேரம் காதை வைத்துக் கேட்டு, இன்ன இடம் என்று கண்டுபிடித்ததற்கு யாரும் காசு தருவதில்லை. "ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்பவர்கள் நாங்கள்தான். இனி வந்து பார்ப்பதற்கு என்று ஒரு கூலியைப் பொதுவாக முடிவு செய்து, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் விலை தெரிந்தவர்கள் பேரம் பேசாமல் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வீட்டுக்காரர் ஒருவர்